அத்தியாயம் 7: அணிபொருளில் மணமும் உருவமும்

அணியும் பொருளுக்கு மணம் சேர்ப்பது பெரும்பாலும் இரண்டு தனித்தனி வேலைகளாகவே நடந்துவருகிறது: முதலில் பதக்கமோ வளையலோ கண்ணுக்கு அழகாகச் செய்து முடிக்கப்படுகிறது, பிறகு அதில் ஒரு துளி அத்தர் தொட்டுவைக்கப்படுகிறது. இப்படிச் சேர்த்த மணம் விரைவில் மறைந்துவிடுவதோடு, இருக்கும் வரையிலும் அந்தப் பொருளுக்கே உரியதாகத் தோன்றுவதில்லை. மணம் எங்கே தங்குகிறது, எந்த வழியாக வெளியேறுகிறது, எப்போது மூக்கை எட்டுகிறது என்ற மூன்றும் பொருளின் உருவத்தைத் தீர்மானிக்க வேண்டியவை என்பதும், மணம் வெளிப்படும் வாயிலே அணியின் அலங்காரமாக அமையும்போதுதான் கண்ணும் மூக்கும் ஒரே பொருளை உணர்கின்றன என்பதும் இந்த அத்தியாயத்தின் அடிப்படைக் கருத்து. முதலில் புலன்களின் இயல்பும், அடுத்துப் பழைய அணிகள் தரும் பாடங்களும், அதன் பின் இடம், பொருள், வாயில், வடிவம், நிறம் ஆகியவற்றைத் தேர்வதற்கான வழிகளும், இறுதியில் சோதனை முறையும் விளக்கப்படுகின்றன.

7.1 மூக்கும் கண்ணும் இணையும் இடம்

ஒரு பொருளிலிருந்து ஆவியாகிக் காற்றில் கலக்கும் மூலக்கூறுகளை மூக்கு அடையாளம் காணும்போது எழும் உணர்வே மணம். மூக்கறையின் மேற்பகுதியில் உள்ள மெல்லிய சவ்வில் பதிந்திருக்கும் ஏற்பிகள், அதாவது குறிப்பிட்ட மூலக்கூறுகளோடு பிணைந்து நரம்புக் குறிப்பை எழுப்பும் புரதங்கள், மனிதரிடம் ஏறத்தாழ 400 வகைப்படும். இந்த ஏற்பிகளை உருவாக்கும் மரபணுக் குடும்பத்தை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் ஆகிய அமெரிக்க அறிவியலாளர்கள் 1991இல் கண்டறிந்து வெளியிட்டனர். 2004இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு இருவருக்கும் வழங்கப்பட்டது. பெரும்பாலான மணங்கள் பல ஏற்பிகளை வெவ்வேறு அளவில் தூண்டுகின்றன. அவை சேர்ந்து எழுப்பும் கோலத்தைத்தான் மூளை மல்லிகை என்றும் சந்தனம் என்றும் பிரித்தறிகிறது.

பார்வை, ஒலி, தொடுதல் ஆகியவற்றின் செய்திகள் மூளையின் புறணியை அடையுமுன் தாலமஸ் என்னும் இடைநிலையத்தைக் கடக்க வேண்டியிருக்க, முகர்வுச் செய்தி அதைக் கடக்காமலே முகர்வுப் புறணிக்கும், உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலாவுக்கும் சென்று சேர்கிறது. ஆனால் உணர்ச்சியை இவ்வளவு நெருங்கித் தொடும் மணத்துக்குப் பெயர் சொல்வதில் மனிதர் எளிதில் தடுமாறுகின்றனர்; நன்கு பழகிய மணத்தையே கண்ணை மூடி முகரும்போது அது எதனுடையது என்று சொல்ல முடியாமல் போவது பொதுவான அனுபவம். அந்தத் தடுமாற்றத்தில் முடிவைச் சொல்வது கண். பிரான்சின் போர்தோவில் ஜில் மோரோவும் உடன் ஆய்வாளர்களும் நடத்தி 2001இல் வெளியிட்ட ஆய்வில், மணமற்ற சாயத்தால் சிவப்பாக்கப்பட்ட வெள்ளைத் திராட்சை மது, மதுவியல் பயிலும் 54 மாணவர்களுக்கு முகரக் கொடுக்கப்பட்டது. அவர்கள் அதன் மணத்தைச் சிவப்பு மதுவுக்கு வழக்கமாகப் பயன்படும் சொற்களால் விவரித்தனர். பயிற்சி பெற்ற மூக்கையே நிறம் இவ்வாறு வழிநடத்துமானால், அணிபொருளின் நிறத்தை மணத்தோடு தொடர்பில்லாத ஒன்றாக விட்டுவிட முடியாது.

ஒரு புலனில் உணரப்படும் பண்பு மற்றொரு புலனில் உணரப்படும் பண்போடு பலருடைய மனத்திலும் ஒரே விதமாக இணைந்து நிற்பதைப் புலனிடைப் பொருத்தம் எனலாம். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஸ்பென்ஸின் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வில், எலுமிச்சை, மிளகு ஆகியவற்றின் மணங்களைக் கூரிய முனைகள் கொண்ட உருவங்களோடும், ராஸ்பெரி, வனிலா மணங்களை உருண்ட உருவங்களோடும் மக்கள் பொருத்தினர். நிறப் பொருத்தத்தில் பண்பாட்டின் பங்கு பெரிது. ஜெர்மனி, நெதர்லாந்து, மலேசியா, அமெரிக்கா முதலிய நாடுகளைச் சேர்ந்த ஆறு குழுக்களை ஒப்பிட்டு 2014இல் வெளியான ஆய்வு, ஒவ்வொரு குழுவுக்குள்ளும் மணத்துக்கும் நிறத்துக்கும் உள்ள இணைப்பு சீராக இருந்தபோதிலும் குழுவுக்குக் குழு அது வேறுபட்டதைக் காட்டியது. ஆகவே அச்சில் வந்த நிறப்பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், அணியப்போகும் மக்களிடமே கேட்டறிவது வடிவமைப்பாளரின் முதல் கடமை.

மற்றொரு இயல்பையும் கருத்தில் கொள்ள வேண்டும். தொடர்ந்து ஒரே அளவில் வரும் மணத்தை மூக்கு சில நிமிடங்களில் கவனிக்காமல் விட்டுவிடுகிறது. இது முகர்வுத் தகவமைவு எனப்படுகிறது. கண்ணுக்கு நாள் முழுவதும் தெரியும் அணி, மூக்குக்கு விட்டுவிட்டு எட்டினால்தான் மணமுள்ளதாக நிலைக்கும்.

7.2 பழைய அணிகள் கற்பிப்பவை

சீனாவில் தாங் அரசமரபு காலத்து வெள்ளி நறும்புகை உருண்டைகள், உருவமும் மணமும் ஒன்றான வடிவமைப்புக்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டுகள். சியான் நகரின் ஹேஜியா கிராமத்தில் 1970இல் கிடைத்த புதையலில் இருந்த சிறு உருண்டை, கீல் வைத்து இணைத்த இரண்டு அரைக்கோளங்களால் ஆனது. அதன் சுவர் முழுவதும் திராட்சைக் கொடியும் மலரும் பறவையுமாகத் துளைவேலை, அதாவது உலோகத்தை வெட்டி நீக்கி உருவம் எழுப்பும் வேலைப்பாடு, செய்யப்பட்டுள்ளது. உள்ளே ஒன்றுக்கொன்று செங்குத்தான அச்சுகளில் சுழலும் இரண்டு வளையங்கள் ஒரு சிறு கிண்ணத்தைத் தாங்குவதால், அணிபவர் எப்படி அசைந்தாலும் கிண்ணம் நிமிர்ந்தே நின்று, தணலும் நறும்பொருளும் சிந்தாமல் இருந்தன. வெட்டி நீக்கிய இடைவெளிகள் புகைக்கு வழியாகவும் கண்ணுக்குக் கொடியாகவும் ஒரே நேரத்தில் நின்றதே இந்த உருண்டையின் சிறப்பு.

ஐரோப்பாவில் இடைக்காலத்தின் பிற்பகுதியிலிருந்து 17ஆம் நூற்றாண்டு வரை கழுத்திலோ இடுப்புச் சங்கிலியிலோ தொங்கிய பொமாண்டர் என்னும் மணப்பந்து வேறொரு பாடத்தைத் தருகிறது. தீய நாற்றமே கொள்ளைநோயைப் பரப்புகிறது என்ற அக்கால நம்பிக்கையால் அம்பர், கஸ்தூரி முதலியவை நிரப்பிய இந்தப் பந்துகள் அணியப்பட்டன. அவற்றுள் சில, ஆரஞ்சுச் சுளைகள் விரிவதுபோல நடுத்தண்டைச் சுற்றித் திறக்கும் அறைகளைக் கொண்டு, ஒவ்வோர் அறையிலும் வெவ்வேறு மணத்தை வைத்திருந்தன. மணங்கள் கலந்துவிடாமல் காப்பதற்காகப் பிரிக்கப்பட்ட அறைகளே திறந்த பந்தின் அழகிய உருவமாயின.

18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இங்கிலாந்தில், குறிப்பாக பர்மிங்ஹாம் வெள்ளிக் கைவினைஞர்களிடமிருந்து, வினெகிரெட் என்னும் சிறு பெட்டி புகழ்பெற்றது. மணமூட்டிய காடியில் நனைத்த கடற்பஞ்சு இதன் உள்ளே இருந்தது. காடியின் அமிலம் வெள்ளியை அரிக்காதிருக்க உட்புறம் பொன் முலாம் பூசப்பட்டது. பஞ்சு வெளியே வராதிருக்க மேலே துளையிட்ட தகடு கீலில் பொருத்தப்பட்டது. தொடக்கத்தில் எளிய துளைகளைக் கொண்டிருந்த தகடு, நாளடைவில் மலரும் இலையுமாக நுணுக்கம் பெற்றது. வேதிப்பொருளுக்கு எதிரான காப்பு பொன்னிறமாகவும், பஞ்சைத் தடுக்கும் தகடு பூவேலையாகவும் மாறிய இந்த வளர்ச்சியில், தேவையே அலங்காரத்தைப் பெற்றெடுத்தது.

தமிழ்நாட்டுக் கூந்தலில் சூடப்படும் கதம்பச் சரம், உலோகம் எதுவுமின்றி இதே இணைப்பைச் சாதிக்கிறது. கனகாம்பரம் செம்மஞ்சள் நிறத்தைத் தருகிறது, ஆனால் மணம் அற்றது. மரிக்கொழுந்து பார்வைக்கு எளிய பச்சைக் கொழுந்து, ஆனால் அடர்ந்த மணம் உடையது. மல்லிகை வெண்மையையும் மணத்தையும் சேர்த்துத் தருகிறது. பூத்தொடுப்பவர் நாரில் இவற்றை மாற்றி மாற்றி வைக்கும்போது நிறத்தின் இடைவெளியும் மணத்தின் அடர்த்தியும் ஒரே கண்ணியில் முடிவாகின்றன. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியிலோ காலமும் சேர்ந்துகொள்கிறது: அதிகாலையில் மொட்டாகப் பறிக்கப்பட்ட பூ மாலையில் விரியும்போதுதான் மணம் பெருகுகிறது, கண் காணும் மாற்றமும் மூக்கு உணரும் மாற்றமும் ஒரே வேளையில் நிகழ்கின்றன.

7.3 உடலில் இடத்தைத் தேர்தல்

உடலின் சூட்டால் அதைச் சுற்றியுள்ள காற்று வெதுவெதுப்பாகி மேல்நோக்கி எழுகிறது. மார்பில் தொங்கும் பதக்கத்தின் மணம் இந்தக் காற்றோடு ஏறி அணிபவரின் மூக்கை இடைவிடாமல் எட்டுவதால், மெல்லிய மணமே அதற்குப் போதும். கடுமையான மணம் தலைவலியையும் விரைவான முகர்வுத் தகவமைவையும் உண்டாக்கும். மணிக்கட்டில் அணியும் பொருள் கை அசையும்போது காற்றைக் கிளறி, முகத்தருகே வரும்போது மட்டும் மணத்தைத் தருவதால், விட்டுவிட்டு உணரப்பட வேண்டிய மணத்துக்கு ஏற்ற இடம் அதுவே. பின்னலிலும் கொண்டையிலும் சூடப்படுவது அணிபவரைவிட அருகில் நிற்பவருக்கே மிகுதியாக மணக்கும். ஆகவே, மணம் அணிபவருக்கா, பிறருக்கா, இருவருக்குமா என்ற கேள்விக்கு விடை எழுதிய பிறகே வரைபடத்தைத் தொடங்க வேண்டும்.

7.4 மணத்தையும் அதைத் தாங்கும் பொருளையும் பொருத்துதல்

வாசனைக் கலவையில் உள்ள பொருள்கள் ஒரே வேகத்தில் ஆவியாவதில்லை. எலுமிச்சை, ஆரஞ்சு போன்றவற்றின் தோலெண்ணெய் விரைவில் பறந்துபோகும் முதல் மணமாகவும், ரோஜா, மல்லிகை போன்ற மலர்கள் நடு மணமாகவும், சந்தனம், வெட்டிவேர், வனிலா போன்றவை நெடுநேரம் தங்கும் அடி மணமாகவும் வகுக்கப்படுகின்றன. துணியிலோ மரத்திலோ தொட்டுவைக்கும் எலுமிச்சை மணம் நாள் முழுவதும் நிற்க வேண்டுமென்று எதிர்பார்ப்பது வீண். அத்தகைய மணத்துக்கு மூடித் திறக்கும் அறை தேவை. அடி மணத்துக்குத் திறந்த பரப்பே போதும்.

தாங்கும் பொருள்களுள் மெருகிடாத சுடுமண், மரம், கம்பளி அடைத்துணி, பருத்தி ஆகியவை நுண்துளைகளால் எண்ணெயை உறிஞ்சி மெல்ல விடுகின்றன. உலோகமும் கண்ணாடியும் மெருகிட்ட பீங்கானும் உறிஞ்சாதவை; அவற்றுக்குள் திரியோ மெழுகோ வைக்க வேண்டும். மெழுகு வடிவ வாசனைக்கு 1 பங்கு தேன்மெழுகுக்கு 2 பங்கு எண்ணெய் என்ற எடை அளவில் தொடங்கலாம். தேன்மெழுகு 60 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலேதான் உருகும். தேங்காய் எண்ணெயோ ஏறத்தாழ 24 டிகிரியிலேயே இளகிவிடும். ஆகவே வெயில் மிகுந்த ஊர்களில் அணியப்படும் பதக்கத்துக்குத் தேன்மெழுகைக் கூட்டி, அணியும் சூட்டில் வைத்துப் பார்த்தே அளவை முடிவு செய்ய வேண்டும்.

சில சேர்க்கைகளைத் தவிர்க்க வேண்டும். ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலெண்ணெய்களில் மிகுந்துள்ள லிமோனீன், பாலிஸ்டைரீன் நெகிழியைக் கரைத்துவிடும். முத்தின் மேற்பரப்பு அமிலத்தால் அரிக்கப்பட்டு ஒளி மங்கும். மரப்பிசின் உறைந்து கல்லான அம்பர்க்கல்லின் மெருகைச் சாராயம் கெடுக்கும். பட்டில் எண்ணெய்க் கறை படியும். இத்தகைய பொருள்களை உருவத்துக்காகச் சேர்க்கும்போது, மணம் தங்கும் அறைக்கும் அவற்றுக்கும் இடையே வினெகிரெட்டின் பொன் முலாம் போன்ற ஒரு தடுப்பு அமைய வேண்டும்.

7.5 வாயிலை அமைத்தல்

மணம் வெளியேறும் வேகத்தைச் சூடு, காற்றோட்டம், திறந்த பரப்பு ஆகிய மூன்றும் முடிவு செய்கின்றன. முதல் இரண்டும் அணிபவரின் உடலையும் சூழலையும் பொறுத்தவை. மூன்றாவது வடிவமைப்பாளரின் கையில் முழுமையாக உள்ளது. ஒரே பதக்கத்தின் முகத்தகட்டைத் துளைப்பரப்பு மட்டும் மாறுமாறு மூன்று விதமாக வெட்டி, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் மணக்கிறது என்று குறித்துக்கொண்டால், துளைவேலையின் கோலத்தை அழகுக்காகவும் அளவுக்காகவும் ஒருசேரத் தீர்மானிக்க முடியும். சுழலும் தகட்டை மேலே வைத்து, அதைத் திருப்பும்போது கோலம் மாறித் துளைகள் திறக்குமாறு செய்தால், மணம் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைக் கண்ணே சொல்லிவிடும்.

மல்லிகை மொட்டு காட்டும் வழியில் காட்சி மாற்றத்தையும் மணத்தையும் ஒருங்கே நிகழச் செய்ய இன்றைய பொருள்கள் உதவுகின்றன. குறிப்பிட்ட சூட்டில் நிறம் மாறும் சாயங்களுள் 31 டிகிரி செல்சியஸ் அளவில் மாறுபவை சந்தையில் பரவலாகக் கிடைக்கின்றன; தோலின் சூடு ஏறத்தாழ 33 டிகிரி என்பதால், அணிந்த சற்று நேரத்தில் நிறம் மாறுவதும் மணம் கூடுவதும் சேர்ந்து நிகழும். காற்றின் சூடே 31 டிகிரியைத் தாண்டும் பருவத்தில் இந்தச் சாயம் அணியுமுன்பே மாறிவிடும் என்பதால், இது குளிரூட்டிய இடங்களுக்கும் குளிர்ந்த பருவத்துக்குமே ஏற்றது. வாசனைத் துளிகளை மெல்லிய உறைக்குள் அடைக்கும் நுண்ணுறை முறையோ, உரசும்போது உறை உடைந்து மணம் வெளிவரச் செய்கிறது. அதைப் பூசிய இடத்தின் புடைப்பும் இழைநயமும் விரலை அங்கே அழைக்க வேண்டும். மின்னணு வழியில், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மீடியா லேபில் ஜூடித் அமோரெஸும் பட்டி மேஸும் 2017இல் வெளியிட்ட எசன்ஸ் என்னும் கழுத்தணி, கைப்பேசியோடு இணைந்து, மணத்தின் செறிவையும் இடைவெளியையும் உடல்நிலை, சூழல் ஆகியவற்றின் தகவல்களுக்கேற்ப மாற்ற வல்லது.

7.6 வடிவமும் நிறமும்: ஒரு செயல்முறை

உத்தரப் பிரதேசத்தின் கன்னௌஜில், சுட்ட களிமண்ணை வடித்துச் சந்தன எண்ணெயில் ஏற்றும் மிட்டி அத்தர், முதல் மழையில் எழும் மண்வாசனையைத் தருகிறது. இந்த மணத்துக்கு ஒரு பதக்கம் செய்வதாகக் கொண்டால், வேலை பின்வரும் வரிசையில் அமையும்.

1. அணியப்போகும் மக்களுள் சிலருக்கு, பெயர் சொல்லாமல் அத்தரை முகரக் கொடுத்து, கூரிய, உருண்ட, தட்டையான, நீண்ட உருவங்களுள் ஒன்றையும் நிறத்தாள்களுள் ஒன்றையும் தேர்ந்தெடுக்கச் சொல்ல வேண்டும். பலரும் தேர்ந்தது எதுவோ அதுவே வரைபடத்தின் தொடக்கம்.

2. மெருகிடாத சுடுமண் இந்த எண்ணெயை உறிஞ்சும்; மேலும், முகரப்படும் மண்ணும் காணப்படும் மண்ணும் ஒன்றாகும். கண் எழுப்பும் எதிர்பார்ப்பை மூக்கு உடனே உறுதிசெய்யும் இத்தகைய நிலையை ஒத்திசைவு எனலாம். அணிபொருளில் முதலில் நாட வேண்டியது இதுவே.

3. பதக்கத்தின் பின்புறத்தை மெருகிட்டு மூடிவிட்டால் எண்ணெய் தோலையும் துணியையும் தொடாது. முன்புறத்தை மெருகிடாமல் விட்டு, அங்கே நெருக்கமான கீற்றுகளைக் கீறினால் பரப்பு கூடுகிறது; அந்தக் கீற்றுகளே கோலமாகின்றன.

4. எண்ணெய் ஏறிய சுடுமண் நிறம் கறுக்கும். இந்தக் கறுப்பை மறைக்காமல், எண்ணெய் இட வேண்டிய இடத்தைக் கோலத்தின் நடுவாக அமைத்தால், அது வெளிறும்போது மீண்டும் அத்தர் இட வேண்டிய வேளையைப் பதக்கமே காட்டும்.

மணத்துக்கு மாறான உருவத்தை வேண்டுமென்றே தருவதும் உண்டு. கூரிய வெள்ளி முட்களுக்குள் வனிலா மணம் வைத்தால் எதிர்பாராத மென்மை தோன்றும். ஒத்திசைவை முழுமையாக அறிந்தவர் செய்யும்போதுதான் இந்த முரண் கருத்தாகப் படிக்கப்படும். அறியாமல் நேர்ந்தால் பிழையாகவே உணரப்படும்.

7.7 தோலின் பாதுகாப்பு

இயற்கை எண்ணெய் என்பதாலேயே அது தோலுக்கு ஏற்றது என்று கொள்ளக் கூடாது. பெர்கமாட் தோலெண்ணெயில் உள்ள பெர்காப்டென், வெயில் படும் தோலில் எரிச்சலையும் கறுத்த தழும்பையும் உண்டாக்கவல்லது. பன்னாட்டு வாசனைச் சங்கமான இஃப்ரா பல வாசனைப் பொருள்களுக்கு உரிய வரம்புகளை வகுத்து வெளியிடுகிறது. ஒப்பனைப் பொருள்களின் சீட்டில் தனியே குறிப்பிட வேண்டிய ஒவ்வாமை வாசனைப் பொருள்களாக ஐரோப்பிய ஒன்றியம் வகுத்திருந்த 26, 2023இல் 80ஐத் தாண்டியது. விற்பவரிடமிருந்து இஃப்ரா சான்றிதழைப் பெறுவதும், வாசனை தோலை நேரே தொடாதவாறு பின்சுவர் அமைப்பதும், கலவையிலுள்ள பொருள்களை அணியோடு தரும் சீட்டில் எழுதுவதும் கட்டாயம். ஆஸ்துமா, ஒற்றைத்தலைவலி உள்ளவர்கள் அருகில் இருக்கும்போது மணத்தை முற்றிலும் அடைக்க முடிய வேண்டும். மூட முடியாத மணம் பிறர் மீது திணிக்கப்பட்ட மணமாகிவிடும்.

7.8 சோதனையும் முடிவும்

சோதனை நான்கு படிகளில் நடைபெற வேண்டும். முதலில் மணம் மட்டும், மூன்றிலக்கக் குறியெண் இட்ட முகர்தாள்களில் கொடுக்கப்படுகிறது. எதிர்பார்க்கும் உருவமும் நிறமும் கேட்டறியப்படுகின்றன. இரண்டாவதாக, மணமூட்டாத பொருள் மட்டும் காட்டப்பட்டு, இது எப்படி மணக்கும் என்று கேட்கப்படுகிறது. மூன்றாவதாக, வேறொரு குழுவினருக்கு இரண்டும் சேர்த்துத் தரப்பட்டு, எவ்வளவு பொருந்துகின்றன என்று 1 முதல் 9 வரையிலான அளவுகோலில் மதிப்பிடச் சொல்லப்படுகிறது. நான்காவதாக, ஒருவர் அதை ஒரு முழுநாள் அணிந்திருக்க, அறைக்கு வெளியிலிருந்து புதிதாக வருபவர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கை நீளத் தொலைவிலும் அருகிலும் முகர்ந்து குறிக்கிறார். அணிந்திருப்பவரின் மூக்கு தகவமைந்துவிடுவதால் அவருடைய தீர்ப்பு மட்டும் போதாது.

முதல் இரண்டு படிகளின் விடைகள் ஒன்றையொன்று சுட்டினால் உருவமும் மணமும் பொருந்திவிட்டன என்று கொள்ளலாம். மூன்றாம் படியில் மதிப்பு குறைந்தால் நிறத்தையும் வடிவத்தையும், நான்காம் படியில் மணம் விரைவில் மறைந்தால் துளைப்பரப்பையும் தாங்கும் பொருளையும் திருத்த வேண்டும். எந்தத் திருத்தத்திலும் ஒரே ஒரு கூறை மட்டும் மாற்றிவிட்டு மீண்டும் சோதிப்பது விளைவின் காரணத்தைத் தெளிவாக்கும். மணத்தை நீக்கினால் உருவத்தின் ஏதேனும் ஒரு பகுதி பயனற்றதாகவும், உருவத்தை மாற்றினால் மணம் குன்றியதாகவும் தோன்றும் நிலையை எட்டும் வரை இந்தத் திருத்தம் தொடர வேண்டும். அந்த நிலையை எட்டிய அணியையே மணமும் உருவமும் இணைந்த அணியென்று அணிபவர் கையில் கொடுக்கலாம்.